கூடத்தில் ஒத்திகை

வினையூக்கி என்பது மற்றவர்களை வேலை செய்ய வைத்துவிட்டுத் தான் மட்டும் கடைசிவரை எந்த மாற்றமும் இல்லாமல் அப்படியே இருப்பது என்று எவனோ எழுதியிருந்தான், உதவித் தேர்வாளர் யாரோ அதற்கு முழு மதிப்பெண்ணும் போட்டிருந்தார், வசுமதி அந்த எண்ணைப் பச்சை மையால் அடித்துவிட்டுப் பக்கத்தில் சுழியம் போட்டாள். அப்படியே இருப்பதாம். வேதிவினை என்ற சொல்லைக் காணோம், வேகம் என்ற சொல்லைக் காணோம், கல்யாண வீட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு எல்லாரையும் ஏவுகிற சித்தப்பாவைப் பற்றி எழுதுவதுபோல எழுதியிருக்கிறான், இதற்கு முழு மதிப்பெண். பையனுக்குப் படிப்பு வரவில்லை, போகட்டும், திருத்துகிறவருக்கும் வரவில்லை. பல்கலைக்கழக விடைத்தாள் திருத்தும் முகாம் இந்த வருஷம் திருச்சியில் இந்தக் கல்லூரிக்கு வந்திருந்தது, வேதியியலுக்கு அவள்தான் தலைமைத் தேர்வாளர், மற்றவர்கள் திருத்திய கட்டுகளிலிருந்து சிலதை உருவி மறுபடி பார்ப்பது அவள் வேலை, அதாவது பிறத்தியார் தப்பைக் கண்டுபிடிப்பது, அதற்கு வசுமதி மேடத்தை விட்டால் ஆள் கிடையாது என்று கூடத்தில் அவர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்வதும் அவளுக்குத் தெரியும், சொல்லிக்கொள்ளட்டும். தயிர்சாதம் கண்ணைச் சொக்கியது. மின்விசிறி காற்றை விட்டுவிட்டுச் சத்தத்தை மட்டும் சுற்றியது. வாசலிலேயே ஆளாளுக்குக் கைபேசியை வாங்கி வைத்துக்கொண்டு அட்டை டோக்கன் கொடுத்துவிட்டார்கள், என்னமோ இவள் விடைத்தாளைப் படமெடுத்து விற்கப்போகிறவள் மாதிரி, ஆனால் மதிப்பெண் ஏற்றுவதற்காக இதே மேசையில் இணையத்தோடு ஒரு கணிப்பொறியைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள், இந்த மூளைக்கு ஒரு முகாம், அந்த முகாமுக்கு ஓர் ஒருங்கிணைப்பாளர். அவள் கதவுப்பக்கம் பார்த்தாள். மதிப்பெண் பக்கத்தைக் கீழே இறக்கிவிட்டு பிரவுசரில் புதிய பக்கம் திறந்து அந்த எண்களை அடித்தாள், விரலுக்கே மனப்பாடம், நடுவில் புள்ளி, கடைசியில் இரட்டைப் புள்ளி, அதற்குப் பின் நான்கு எண், பெயர், கடவுச்சொல், வட்டம் சுற்றியது.

வீட்டில் கேமரா மாட்ட வந்தவன் காதில் கடுக்கன் போட்டிருந்தான், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் சுவிங்கத்தை ஒரு தரம் மென்றான். அடுத்த தெருவில் பட்டப்பகலில் சங்கிலி அறுத்த பிறகு அவள்தான் வரவழைத்தாள். இவர், அவள் வீட்டுக்காரர், தியாகராஜன், ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்று, "இதுல நம்ம மூஞ்சி தெளிவாத் தெரியுமா தம்பி," என்று கேட்டார், திருடனை விட்டுவிட்டுத் தன் மூஞ்சி தெரியுமா என்று கேட்கிற மனுஷன். பிறகு அவனுக்கு டீ போட உள்ளே போனார். அப்போதுதான் அவள் கேட்டாள், காலேஜிலிருந்து பார்க்க முடியுமா என்று, அவன், "ஆப்பு கீப்பு எதுவும் வேணாம் மேடம், ஒரு நம்பர் தரேன், உலகத்துல எந்த பிரவுசர்ல வேணா அடிங்க, உங்க வீட்டு ஹால் வந்து நிக்கும்," என்றான். சத்தம் வராது, படம் மட்டும்தான். டீ வந்தபோது அவர்கள் வேறு பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் மறைத்தாள் என்று யாரும் சொல்ல முடியாது. சொல்லவில்லை, அவ்வளவுதான். அவரும் கேட்கவில்லை. கேட்பதற்கு ஒரு மனசு வேண்டும், சந்தேகப்படுவதற்கும் கொஞ்சம் சாமர்த்தியம் வேண்டும். ஷோகேஸ் மேல் அது உட்கார்ந்த இரண்டாம் நாளே பக்கத்திலிருக்கும் பித்தளைக் குதிரையைப் போல அதுவும் ஒரு பொருளாகிவிட்டது அவருக்கு, திருடன் வந்தால் பதிவாகும், வராவிட்டால் இல்லை. மற்றபடி தான் பார்ப்பதைப் பார்ப்பது என்று அவள் நினைத்ததும் இல்லை, செக் பண்ணுவது, கேஸை மூடினோமா என்று திரும்பிப் பார்ப்பதுபோல. இடைவேளையில் ஒரு தரம், சாப்பிட்டவுடன் ஒரு தரம், ஆய்வகத்தில் பிள்ளைகள் பியூரெட்டைக் கழுவும்போது ஒரு தரம். என்ன இருக்கிறது பார்ப்பதற்கு. பனியனும் கைலியும். செய்தித்தாளை உதடசைய முதல் பக்கத்திலிருந்து இரங்கல் விளம்பரம்வரை படிப்பார். துணியை மடிப்பார், மடித்ததைப் பிரித்து மறுபடி மடிப்பார். மணிபிளாண்டுக்குத் தண்ணீர் விட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருப்பார், அது இப்போதே வளரப்போவதுபோல. சோபாவில் வாயைத் திறந்துகொண்டு தூங்குவார், மேலிருந்து பார்த்தால் வழுக்கை ஒரு கைக்குட்டை அளவுக்கு வந்துவிட்டது. பம்புசெட் கம்பெனிக்காரர்கள் கிளையை மூடி இரண்டு வருஷம் ஆகிறது, அதற்கு முன்னால் இந்த மனுஷன் டெல்டா முழுக்க மோட்டார் விற்றார் என்றால் யார் நம்புவார்கள், என்னத்தைச் சொல்லி விற்றிருப்பார், வாங்கினாலும் சரி, வாங்காவிட்டாலும் சரி என்று சொல்லியிருப்பார். அவள் அம்மா அப்பாவைப் பார்க்கிற பார்வை ஒன்று உண்டு, வாசலில் செருப்பைக் கழற்றும்போதே தலையிலிருந்து கால்வரை ஒரு தரம், பிறகு, வந்தாச்சா. வேறு ஒன்றும் சொல்லமாட்டாள். அப்பா அந்த வந்தாச்சாவிலேயே பாதி இளைத்துப்போவார். அம்மா பாவம், அவளுக்கு மாலையில் மட்டும்தான் பார்க்க முடிந்தது.

படம் வந்தது. இன்றைக்குச் சட்டை போட்டிருந்தார். முதலில் இடித்தது அதுதான். மகள் சிந்துஜாவின் பட்டமளிப்புக்குப் போட்டுக்கொண்டு போன நீலச்சட்டை, கீழே பேண்ட், இந்த வெயிலில் வீட்டுக்குள்ளே. யாராவது வந்திருக்கிறார்களா என்று பார்த்தாள், சோபா காலி, செருப்பு விடுகிற இடம் கேமராவில் தெரியாது, டீபாயில் தம்ளர் இல்லை. சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். பேசிக்கொண்டிருந்தார். போனில் என்று நினைத்தாள், அக்காவோடு இருக்கும், காரைக்குடிக்கும் திருச்சிக்கும் நடுவில் பேசிப்பேசியே ஒரு பாலம் கட்டுகிறார்கள் அக்காவும் தம்பியும், ஆனால் போன் டீபாய் மேல் கவிழ்ந்து கிடந்தது, இரண்டு கையும் காலியாக இருந்தது, ஒரு கை நெஞ்சில் இருந்தது. டிவி ஓடவில்லை. அவர் கூடத்துக்குள் நாலு எட்டு வைத்து வந்து, பிரம்பு நாற்காலிக்கு முன்னால் நின்று, அதைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். அவளுடைய நாற்காலி. இடுப்புவலி வந்த வருஷம் வாங்கியது, அவள் மட்டும் உட்காருவது, சிந்துஜா பெங்களூரிலிருந்து வந்தால்கூட அதில் உட்காரமாட்டாள், யாரும் சட்டம் போடவில்லை, ஆனால் உட்காரமாட்டார்கள். காலி நாற்காலியிடம் ஒரு மனுஷன் ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார், கையை விரித்து, தலையைச் சாய்த்து, நடுவில் நிறுத்தி, இல்லை இல்லை என்று தனக்குத்தானே தலையாட்டிவிட்டு, திரும்பிச் சமையலறை வாசலுக்கே போய், கைலியில் துடைப்பதுபோல உள்ளங்கையைப் பேண்டில் துடைத்துக்கொண்டு, மறுபடி வந்தார். மறுபடி அதே இடத்தில் நின்றார். மறுபடி நெஞ்சில் கை.

"மேடம், ரெண்டாவது கட்டு," என்று ஜெயசீலி உள்ளே வந்தாள். வசுமதி படத்தைக் கீழே இறக்கினாள், விரல் சுருக்கென்று வேலை செய்தது. இந்தப் பெண்தான் அந்த வினையூக்கிக்கு முழு மதிப்பெண் போட்டவள், கையெழுத்து தெரிகிறது, எட்டு மாதிரி ஒரு ரெண்டு. "உக்காருங்க ஜெயசீலி. கேட்டலிஸ்ட்டுக்கு இது பதிலா?" ஜெயசீலி குனிந்து பார்த்தாள், முகம் மலர்ந்தது, முட்டாள். "ஐடியா சரியா இருக்கே மேடம். சொந்தமா யோசிச்சு எழுதியிருக்கான். அப்படியே மனப்பாடம் பண்ணி எழுதுனவங்களுக்குப் போடுறோம்ல." "ஐடியாவுக்கு மார்க்குன்னு விடைக்குறிப்புல இருக்கா?" "இல்ல மேடம்." "அப்போ?" வசுமதி கையைக் கொஞ்சம் அசைத்தாள், போகலாம் என்று, ஜெயசீலி போனாள், போகும்போது கதவை மிகவும் மெதுவாகச் சாத்தினாள், அந்த மெதுவில் இருந்த வெறுப்பு இவளுக்குத் தெரியாமல் இல்லை. படத்தை மேலே கொண்டுவந்தாள். இப்போது அவர் சோபாவில் உட்கார்ந்திருந்தார், நுனியில், பேட்டிக்கு வந்தவனைப்போல, பிரம்பு நாற்காலியின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஒரு சிரிப்புச் சிரித்தார், மேலிருந்து பார்க்கவே அது பொய்யாக இருந்தது, அதை அவரும் கண்டுபிடித்துவிட்டார்போல, வாயை ஒரு தரம் கையால் துடைத்துக்கொண்டார்.

என்ன சொல்லப்போகிறார். தன்னிடம்தான், அதில் சந்தேகமில்லை, அந்த நாற்காலியிடம் பேசுவது வேறு யாரிடம் பேசுவது. வேறு ஒருத்தியா. அவளுக்குச் சிரிப்பு வந்தது, மூக்கால் மட்டும் வந்தது, இவரை எவள் சீந்துவாள், காய்கறி வண்டிக்காரி கொத்தமல்லி இனாமாகக் கொடுத்தால் அதையே ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருக்கிற ஆள். உடம்புக்கா. அங்கே சிரிப்பு நின்றது. நெஞ்சில் கை. போன வாரம் ஒருநாள் பேங்க்குக்கு என்று சொல்லிவிட்டு அரைநாள் காணவில்லை, கூடம் காலியாக இருந்தது, அவள் மூன்று தரம் எண்ணை அடித்துப் பார்த்தாள், மூன்று தரமும் காலி, சாயங்காலம் கேட்டபோது, கூட்டம் என்றார். ஸ்கேன் எடுத்திருப்பாரோ. அவர் அப்பா இப்படித்தான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் இருந்து, சொன்னபோது டாக்டர் கையை விரித்துவிட்டார். வயிற்றுக்குள் ஏதோ ஒன்று குளிர்ந்து இறங்கியது, தயிர்சாதத்துக்குக் கீழே, அவள் அதைக் கவனித்தாள், கண்ணாடிக் குடுவையில் வீழ்படிவு இறங்குவதைக் கவனிப்பதுபோல, ஓகோ, பயமா, எதற்கு, ஆஸ்பத்திரி வராந்தாவுக்கா, காரைக்குடி அக்கா நாலு பிளாஸ்டிக் கூடையோடு வந்து இறங்கி, இவனை நீ கவனிக்கலையே வசு என்று கூடத்தின் நடுவில் உட்கார்ந்து சொல்வதற்கா, அதற்குத்தான் இருக்கும். இல்லை, புத்தி பிசகிவிட்டதா, இரண்டு வருஷம் வீட்டில் தனியாக உட்கார்ந்தால் நாற்காலியோடு பேசத்தான் தோன்றும். சிந்துஜா போன ஞாயிற்றுக்கிழமை போனில், "அம்மா, அப்பாகிட்ட கொஞ்சம் பேசும்மா," என்றாள், "பேசாம என்ன, தினம் பேசிட்டுத்தானே இருக்கேன்," என்றாள் இவள், "அது பேசுறது இல்லம்மா, கரெக்ஷன்," என்று வைத்துவிட்டாள், அப்பாவின் பெண், ஒரு வார்த்தையைக் குத்திவிட்டு ஓடுவதற்கு மட்டும் தைரியம். முப்பது வருஷத்துக்கு முன்னால் பெண் பார்க்க வந்த அன்றும் அவர் இதே மாதிரி சோபா நுனியில்தான் உட்கார்ந்திருந்தார், தனியாகப் பேசச் சொல்லி மாடிக்கு அனுப்பினார்கள், நீங்க கெமிஸ்ட்ரியாமே என்றார், எனக்கு அதுன்னா பயம் என்றார், அப்போது அது அவளுக்குப் பிடித்திருந்தது. பிடித்திருந்ததா. ஆமாம், பிடித்திருந்தது. பயம் என்று நேராகச் சொல்கிற ஆணை அவள் அதுவரை பார்த்ததில்லை. அதை எங்கே தொலைத்தாள் என்று தேடிப் பார்க்க ஆரம்பித்து, சே, என்று விட்டாள், பச்சைப் பேனாவைத் திறந்து மூடினாள்.

அப்போது அவர் எழுந்து போய் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தார். அவளுக்குச் சட்டென்று கோபம் வந்தது, தன் சீப்பை வேறு யாரோ எடுத்துத் தலைசீவுவதைப் பார்ப்பதுபோல. அவர் சாய்ந்து உட்கார்ந்தார், முதுகை நிமிர்த்தினார், காலைத் தரையில் சேர்த்து வைத்தார், முகவாயைக் கொஞ்சம் தூக்கினார். ஒரு விரலால் மூக்குத் தண்டைத் தொட்டு மேலே தள்ளினார், அவர் கண்ணாடி போடுகிறவர் இல்லை. எதிரே காலியாக இருந்த சோபாவைப் பார்த்தார், தலையிலிருந்து கால்வரை, ஒரு தரம். இது யாரையோ பார்ப்பதுபோல இருக்கிறதே என்று அவள் யோசித்தாள், அம்மா என்று முதலில் தோன்றியது, அம்மாவை இவருக்கு அவ்வளவு ஞாபகம் இருக்குமா என்றுகூட நினைத்தாள். பிறகு அவர் வலதுகையை மடியிலிருந்து தூக்காமல், மணிக்கட்டை மட்டும், மேசையில் விழுந்த ரொட்டித்துகளைத் தட்டிவிடுவதுபோல ஒரு தட்டுத் தட்டினார். அவ்வளவுதான். வாயைத் திறக்கக்கூட இல்லை. ஜெயசீலி இப்போதுதான் அந்தத் தட்டலைப் பார்த்துவிட்டு எழுந்து போனாள். வசுமதி தன் கையைப் பார்த்தாள், அது விடைத்தாள் கட்டின்மேல் ஒன்றும் அறியாததுபோல் கிடந்தது. நாடகம் பார்க்கக்கூடப் போகாத மனுஷன், மிமிக்ரி என்றால் சானலை மாற்றுகிறவர், கேலி செய்யவில்லை, அது கேலியாக இருந்திருந்தால் அவள் வீட்டுக்குப் போய் ஒரு பிடி பிடித்திருக்கலாம், கேலி செய்கிறவன் முகத்தில் ஒரு ருசி இருக்கும், இவர் முகத்தில் ருசி இல்லை, கவனம் மட்டும் இருந்தது, கணக்குப் போடுகிறவனின் கவனம், நான் இப்படிச் சொன்னால் அவள் இப்படிச் செய்வாள். தட்டிவிட்டு அவர் எழுந்து சோபாவுக்கு வந்து உட்கார்ந்தார், தட்டப்பட்டவராக. தோள் இறங்கியிருந்தது. கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தார். வேறு விதமாக ஆரம்பித்தார், இந்தத் தரம் நின்றுகொண்டு, வேகமாக, கை பின்னால் கட்டி. பேசிவிட்டுப் போய் நாற்காலியில் உட்கார்ந்து, முகவாயைத் தூக்கி, தட்டினார். அடுத்தது காபி தம்ளரோடு, தம்ளர் காலியாகத்தான் இருக்கும், டீபாயில் அதை வைத்துவிட்டுச் சாதாரணமாகச் சொல்வதுபோலச் சொன்னார். நாற்காலி. தட்டல். என்ன பேசினாலும் எந்தக் கோணத்தில் வந்தாலும் நாற்காலிக்குப் போனவுடன் அவருக்கு அவள் பதில் தெரிந்தது, ஒவ்வொரு தரமும் அதே அளவு, அதே மணிக்கட்டு, ஒரு தரம்கூடத் தப்பவில்லை, அவள் தேர்வாளராக அதற்கு முழு மதிப்பெண்தான் போட்டாகவேண்டும்.

பிறகு ஒன்று நடந்தது, நடந்தது என்று சொல்வதற்கு ஒன்றுமில்லை, அவர் மறுபடி நாற்காலியில் போய் உட்கார்ந்தார், நிமிர்ந்தார், முகவாயைத் தூக்கினார், தட்டவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். முகத்தை என்னவோ செய்து பார்த்தார். உதட்டை ஒரு மாதிரி இழுத்தார், விட்டார். தலையை மேலும் கீழுமாக ஒரு தரம் அசைத்து, அது சரியில்லை என்று பட்டதுபோல நிறுத்தினார். புருவத்தைத் தூக்கினார். சரி என்று அவள் சொன்னால் அவள் முகம் எப்படி இருக்கும் என்று தேடுகிறார் என்பது வசுமதிக்குப் புரிய ஒரு நிமிஷம் பிடித்தது. அது அவருக்குக் கிடைக்கவில்லை. கோபம், சலிப்பு, விடைத்தாளைப் பார்க்கிற பார்வை, எல்லாம் கைவசம் வைத்திருந்த மனுஷன் இந்த ஒன்றுக்கு எங்கே போய்ப் பார்ப்பது என்று தெரியாமல் அவள் நாற்காலியில் வெறும் முகத்தோடு உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து சட்டைப் பொத்தான்களைக் கழற்றிக்கொண்டே உள்ளே போய்விட்டார். கூடம் காலியானது. மணிபிளாண்ட், பித்தளைக் குதிரையின் காது, நாற்காலி. அவள் மீதி நேரம் முழுவதும் திருத்தினாள், எதைத் திருத்தினாள் என்று தெரியவில்லை, ஒரு சமன்பாட்டை மூன்று தரம் படித்தாள், என்ன ஒரு கோழைத்தனம், பெண்டாட்டியிடம் ஒரு வாக்கியம் சொல்வதற்கு ஒரு மத்தியான ஒத்திகை, ஆண்பிள்ளையாகப் பிறந்து, என்று பழைய தடத்தில் மனசை ஓட்டிப் பார்த்தாள், அது கொஞ்ச தூரம் ஓடும், அந்த வெறும் முகம் வரும், நின்றுவிடும்.

டோக்கனைக் கொடுத்துக் கைபேசியை வாங்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள். சரி என்று சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தாள். என்ன கேட்டாலும் சரி. காரைக்குடி அக்காவைக் கொண்டுவந்து வைத்துக்கொள்ளலாமா, சரி, மோட்டார் சைக்கிள் வாங்கட்டுமா, சரி, நாய் வளர்க்கலாமா, அதற்கும் சரி. கொடுத்துவிட்டுப் போகிறேன், ஒரு சரிதானே, பிச்சை போட்டதாக இருக்கட்டும், என்று நினைத்தவுடன் அந்த நினைப்பின் நாற்றம் அவளுக்கே அடித்தது. டிரைவருடைய கண்ணாடியில் அவள் முகத்தின் பாதி தெரிந்தது. சரி என்று உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தாள். சிபாரிசுக் கடிதத்தில் கையெழுத்துப் போடுகிற முகமாக இருந்தது. உதட்டைக் கொஞ்சம் தளர்த்தி, சரி. இது ஆஸ்பத்திரியில் நோயாளிக்குச் சொல்வது. பல் தெரிய, சரி, அதைப் பார்க்கவே சகிக்கவில்லை. டிரைவர் கண்ணாடி வழியாகப் பார்த்தான், "என்னக்கா, இங்கேயே நிறுத்தவா?" என்றான். "நிறுத்தவேண்டிய எடத்துல நான் சொல்றேன்," என்றாள், அந்தக் குரல் மட்டும் எந்த ஒத்திகையும் இல்லாமல் வந்தது.

கதவைத் திறந்தபோது அவர் பனியனும் கைலியுமாக இருந்தார். "வந்துட்டியா. உக்காரு, காபி கலக்குறேன்," என்றார். அவள் உட்காரவில்லை, நாற்காலியைச் சுற்றிக்கொண்டு போய் ஷோகேஸ் பக்கத்தில் நின்றாள். அவர் உள்ளே போகவில்லை, சமையலறை வாசலில் நின்றார், அவளுக்கு அந்த இடம் தெரியும், உள்ளங்கையைக் கைலியில் துடைத்தார், அதுவும் தெரியும். சொல்லுங்க என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டாள்.

"வசு, ஒரு விஷயம். அறந்தாங்கியில ரவூப் பாய் இல்ல, நம்ம பழைய டீலரு, சிந்துஜா காதுகுத்துக்குக்கூட வந்தாரே. அவரு பையன் மஸ்கட் போயிட்டான். கடையப் பாத்துக்க ஆள் இல்லையாம். என்னைய வரச் சொல்றாரு. போன வாரம் போய்ப் பாத்துட்டு வந்தேன். மாடியில ரூம் இருக்கு, அங்கேயே தங்கிக்கலாம். போகட்டுமா?"

"சரி," என்றாள் வசுமதி.

"இல்ல, நீ என்ன நெனைப்பேன்னா, இந்த வயசுல இன்னொருத்தர் கடையில போய்," என்று அவர் அடுத்த வாக்கியத்தை எடுத்துவிட்டார், பாதியில் நின்றார். "என்ன சொன்ன?"

"சரின்னு சொன்னேன். போயிட்டு வாங்க."

அவர் முகத்தில் சந்தோஷம் வரும் என்று அவள் காத்திருந்தாள், காத்திருந்தாள் என்பது அது வராதபோதுதான் தெரிந்தது. அறந்தாங்கி. அங்கேயே தங்கிக்கொள்வது. இந்த வீட்டைவிட்டுப் போவதற்கு அவர் இவளிடமே அனுமதி கேட்கிறார், அதை இவள் கொடுத்துவிட்டாள், கேள்வி முழுசாக வருவதற்கு முன்பே பதிலைத் தயாராக எழுதிவைத்துக்கொண்டு. அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் எதுக்குன்னு கேக்கலையே நீ."

"எதுக்குக் கேக்கணும்?"

"நீ கேப்ப. கடுகு வேற பாக்கெட் வாங்கினாக்கூட எதுக்குன்னு கேப்ப." அவர் கண் அவளை விட்டு விலகி, மெதுவாக ஷோகேஸ் மேல் போனது. பித்தளைக் குதிரை, அதற்குப் பக்கத்தில். "இது காலேஜ்லேருந்து தெரியுமா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவர் நம்பியிருப்பார், நம்பாவிட்டாலும் நம்பினமாதிரி இருந்திருப்பார். "தெரியும்," என்றாள்.

"இன்னைக்குப் பாத்தியா?"

"பாத்தேன்."

"நான் ஒன் நாற்காலியில உக்காந்தது?"

"பாத்தேன்."

அவருடைய காது இரண்டும் சிவந்தன. கத்துவார் என்று நினைத்தாள், கத்தினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாள், கத்தலுக்குப் பதில் சொல்ல அவளுக்கு வரும். அவர் சோபாவில் வந்து உட்கார்ந்தார், நுனியில் அல்ல, நன்றாகச் சாய்ந்து, கைலியை இழுத்துவிட்டுக்கொண்டு. "சரியா செஞ்சேனா?" என்றார்.

"சரியாத்தான் இருந்துச்சு."

அவரிடமிருந்து ஒரு சத்தம் வந்தது, சிரிப்பாகத்தான் இருக்கவேண்டும். "திங்கக்கெழமை கெளம்புறேன். அதக் கழட்ட வேண்டாம், இருக்கட்டும். என் போன்ல தெரியுமா?"

"எந்த பிரவுசர்லயும் தெரியும். அட்ரஸ் அடிக்கணும்."

"சொல்லு."

"எதுக்கு?" அது வந்துவிட்டது, வாயில் காவலே இல்லை.

"நீ தனியா இருக்கப்போற. பாத்துக்குறேன்," என்றார். அக்கறையா, பழியா. முப்பது வருஷமாக அவர் முகத்தில் ஒளித்துவைக்க ஒன்றும் இருந்ததில்லை என்று அவள் முடிவு கட்டி வைத்திருந்தாள், இப்போது பார்த்தால் ஒன்றும் படிக்க முடியவில்லை. அவர் போனை எடுத்து மடியில் வைத்துக் குனிந்துகொண்டார். அவள் எண்களைச் சொன்னாள், மெதுவாக, தன்னால் முடிந்த அளவு இதமாக, அவர் ஒற்றை விரலால் அடித்தார். "புள்ளிய விட்டுட்டீங்க. அதுக்கப்புறம் இல்ல, அதுக்கு முன்னாடி." கடவுச்சொல்லைச் சொன்னாள். வட்டம் சுற்றியது. அவள் அவர் தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள்.

கூடம் வந்தது. மேலிருந்து, சின்னதாக. சோபாவில் ஒரு மனுஷன் போனின்மேல் கவிழ்ந்திருந்தான், வழுக்கை கைக்குட்டை அளவுக்குத் தெரிந்தது. ஷோகேஸ் பக்கத்தில் ஒருத்தி நின்றிருந்தாள், முதுகு விறைப்பாக, முகவாய் மேலே, அவன் அடிப்பதைப் பார்த்து வாய் அசைந்துகொண்டிருந்தது, தப்பு செய்த பையனுக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல, மணிக்கட்டு ஒருதரம் அசைந்தது, புள்ளியை விட்ட இடமாக இருக்கும். இத்தனை மாசமாக இந்தப் படத்தில் அவள் தன்னைப் பார்த்ததில்லை, அவள் பார்க்கும்போதெல்லாம் அவள் இங்கே இருந்ததில்லை. இதமாகச் சொன்னதாக நினைத்திருந்தாள். அந்தப் பெண்ணை அவளுக்குப் பிடிக்கவில்லை.

"இது நின்னுபோச்சா?" என்றார் அவர். "நீ என் பின்னாடி நிக்குற, இதுல அங்க நிக்குற."

"நிக்கல. கொஞ்சம் தாமதமாத்தான் வரும்," என்றாள் வசுமதி. அவள் எப்போதோ தலை குனிந்துவிட்டாள். அங்கே அவள் இன்னும் குனியவில்லை. இரண்டு பேரும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.